நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

சென்ற மாதம், நான் தாதியாக வேலை பார்த்த மருத்துவமனைப் பிரிவிலிருந்து இரண்டு தாதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு டேப்லெட். மருத்துவ ஆய்வில் சேர வரும் நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தை இனி அதுவே தமிழில் வாசித்துக் காட்டுமாம். பதிவில் பிழை இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். முழுவதும் கேட்டேன். நல்ல குரல், நிதானமான வாசிப்பு. இரண்டு இடங்களில் சொல் பொருந்தவில்லை, திருத்திக் கொடுத்தேன்.

கிளம்பும்போது ஒருத்தி சொன்னாள்: "இனிமே ட்ரான்ஸ்லேட் பண்ண ஆள் தேட வேணாம்லா அக்கா. ஒரு வரிகூட விட்டுப் போவாது."

இன்னொருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க இத்தனை வருஷம் செஞ்சீங்களே, எப்பவாச்சும் ஒரு வரி விட்டிருக்கீங்களா?"

விட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை. அன்று அவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடத் தாதியர் பயிற்சி முடித்து, பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு என்று சுற்றிவிட்டு, மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றலானேன். யாரும் கேட்டு வாங்காத இடம் அது. நான் போன புதிதில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுக்க எங்களிடம் அதிகம் எதுவும் இல்லை. இருந்த மருந்தும் எல்லோருக்கும் எட்டவில்லை. வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, எலும்பும் தோலுமாக வந்து, வந்த மாதமே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். முதலில் போதை ஊசிக்குப் பழகிய ஆண்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய மனைவிமார் வந்தார்கள். பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். ஆனால் மாத்திரை கிருமியை அடக்குமே தவிர அழிக்காது. நிறுத்தினால், உடம்பில் ஒளிந்திருப்பது மறுபடி எழுந்து வரும். அதை அடியோடு போக்க வழி உண்டா என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலின் ஒரு சிறு மூலை எங்கள் பிரிவிலும் இருந்தது.

அதை நடத்தியவர் டாக்டர் ஹோ. ஒல்லியான பெண்மணி, குரலை உயர்த்தத் தெரியாதவர். நோயாளியிடம் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் முழங்காலும் அவர்கள் முழங்காலும் ஒரே உயரத்தில் வரும்படி உட்காருவார். கையில் பேனா இருந்தால் மேசையில் வைத்துவிடுவார். மூன்று வாக்கியம் மலாயில் பேசுவார், நிறுத்துவார். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்க மாட்டார், நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பார். கடைசியில், "என்ன புரிந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்," என்பார். அது முடியாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

"நம்ம ஆளுங்களுக்கு மலாய் தெரியுமே டாக்டர்," என்று ஒருமுறை சொன்னேன்.

"சந்தையில் காய் வாங்கும் மலாய் வேறு. தன் உயிரைப் பற்றிக் கேட்கும் மலாய் வேறு. பயத்தில் இருக்கிறவர்கள் பாதிதான் கேட்பார்கள். அந்தப் பாதியாவது அவர்கள் மொழியில் இருக்கட்டும்," என்றார்.

அந்த வேலைக்குத்தான் என்னை ஆய்வுத் தாதியாக எடுத்துக்கொண்டார்.

இனி அஞ்சலை. அது அவருடைய உண்மையான பெயர் அல்ல, உண்மைப் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. கோத்தா திங்கி பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர். கணவர் லாரியில் உதவியாளராகப் போய்வந்தார், போன இடத்தில் ஊசிப் பழக்கம். ஒரே மகள், லோகேஸ்வரி. நான்கு வயதில் சளி முற்றி மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் குழந்தைக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருக்கிறது. மருந்து தொடங்கும் முன்பே குழந்தை இறந்துவிட்டது. பிறகு பெற்றோர் இருவரையும் சோதித்தார்கள். இருவருக்கும் இருந்தது. மறு வருடம் கணவரும் போனார்.

அஞ்சலை மட்டும் இருந்தார். அதுதான் யாருக்கும் புரியவில்லை. அப்போதெல்லாம் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகுதான் மாத்திரை தொடங்குவோம். அவருக்குக் குறையவே இல்லை. வட்டாரச் சுகாதார நிலையத்தில் வருடக்கணக்காகப் பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பினார்கள். நான்தான் இரத்தம் எடுத்தேன். கிருமி எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவு என்று முடிவு வந்தது. ஒரு மாத்திரைகூட எடுக்காத பெண்ணுக்கு.

குழாயில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். டாக்டர் ஹோவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மறுபடி எடு. இந்த முறை நான் பக்கத்தில் நிற்கிறேன்," என்றார். எடுத்தோம். அதே முடிவு. மூன்றாவது முறை நான் பெயரை எழுத, அவர் சரிபார்க்க, இருவரும் சேர்ந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். அதே முடிவு. அஞ்சலையின் உடம்பு தானாகவே கிருமியை அடக்கி வைத்திருந்தது. அப்படிப்பட்டவர்கள் மிகமிகக் குறைவு. அவர்களுடைய எதிர்ப்புச் சக்தி என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தால் மற்றவர்களுக்கும் அதைச் செய்ய வழி கிடைக்கலாம் என்று டாக்டர் ஹோ நம்பினார்.

ஒப்புதல் படிவத்தை வாசித்துச் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. அஞ்சலை செனாயில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்கு மாறியிருந்தார். நீலச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார். 'இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை' என்ற வரிக்கு வந்தபோது என்னை நிறுத்தினார்.

"எனக்கு இல்லன்னா யாருக்கு மிஸ்ஸி?" தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பின்னால வர்றவங்களுக்கு. இல்ல, வராமலே போகலாம். அதையும் சொல்லிடச் சொல்றாங்க டாக்டர்."

அஞ்சலை திரும்பக் கேட்டார்: "எம் புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாராச்சும் இப்படி ரத்தம் குடுத்திருந்தா, ஏதாவது கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர், "தெரியாது என்று சொல்," என்றார். சொன்னேன். அஞ்சலை கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஊதா மூடிக் குழாய்களில் இரத்தம் எடுப்பேன். ஒவ்வொன்றையும் மெதுவாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே அதை ஒரு திரவத்தின்மேல் ஊற்றிச் சுழல விடுவார்கள். சுழன்று நின்றதும் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெண்படலம் ஒன்று மிதக்கும். எதிர்ப்புச் சக்தி அணுக்கள் அதில்தான் இருக்கின்றன. அதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் படிப்படியாக உறைய வைத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க, ஒரு நாளைக்குக் காட்டுங்க," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அனுமதி வாங்கிக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்டினேன். உள்ளே இருந்த பையன் குழாயைத் தூக்கிப் பிடித்தான்.

"பால் ஆடை மாதிரி இருக்கு," என்றார் அஞ்சலை.

திரும்பி வரும்போது நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அன்றுதான் சொன்னார்.

"லோகா பொறந்து மூணு மாசத்துல அவரு டின் பால் வாங்கிட்டு வந்தாரு மிஸ்ஸி. வேலைக்குப் போ, புள்ளைய ஆயாக்கொட்டகையில விடுன்னாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன். பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன் அந்த டின்ன. ஒன்றரை வருஷம் எம்பால்தான் குடிச்சா." நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வயித்துலயே வந்திருக்கும்தானே? அவருகிட்டேருந்து எனக்கு, எங்கிட்டேருந்து வயித்துல இருந்த புள்ளைக்கு. அப்படித்தானே?"

"டாக்டர்கிட்ட கேப்போம்," என்றேன். கேட்கவில்லை. அவரும் சில மாதங்கள் கேட்கவில்லை.

வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இவருக்குக் கிருமி தொற்றி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, தோராயமாகவாவது சொல்லுங்கள் என்றார்கள். கர்ப்பகாலச் சோதனை அட்டை இருந்தால் கொண்டுவரச் சொன்னோம். அஞ்சலை அதை வைத்திருந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். கர்ப்பகால அட்டையை டாக்டர் ஹோ பிரித்தார். ஏழாம் மாதம், எச்.ஐ.வி. சோதனை, 'நெகட்டிவ்' என்று முத்திரை.

டாக்டர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. கர்ப்பத்தில் தாய்க்கே இல்லை. அப்படியானால் பிறகுதான். பிறகு என்றால் ஒரே வழிதான்.

"என்னா போட்டிருக்கு மிஸ்ஸி?" என்று கேட்டார் அஞ்சலை. "வயித்துலதானே?"

டாக்டர் அட்டையை மூடி மேசையில் வைத்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். வழக்கம்போல மூன்று வாக்கியம் பேசினார். அவருடைய மலாய் பள்ளிக்கூட மலாய், நீளமானது. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது உங்களிடம் இந்தக் கிருமி இல்லை என்றார். குழந்தை பிறந்த பிறகுதான் உங்களுக்குத் தொற்றியிருக்கிறது, தொற்றிய முதல் சில வாரங்கள், உங்கள் உடம்பு அதை அடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பு, கிருமி மிக அதிகமாக இருந்திருக்கும் என்றார். அப்போது தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போயிருக்க வேண்டும், உங்களுக்கோ வேறு யாருக்குமோ அது தெரிந்திருக்க வழியே இல்லை, இதை உங்கள் தவறு என்று யாரும் சொல்ல முடியாது என்றார்.

பிறகு நிறுத்தினார். என் முறை.

அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன அந்த டின் பால்தான் நினைவுக்கு வந்தது.

"புள்ள உண்டாயிருந்தப்ப எடுத்த டெஸ்ட்ல தெரியலையாம்," என்றேன். "ஆனா அப்பவே உள்ள இருந்திருக்கலாமாம். எப்படி வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதாம். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

டாக்டர், "திருப்பிச் சொல்லச் சொல்," என்றார்.

நான் கேட்கும் முன்பே அஞ்சலை நேராக டாக்டரைப் பார்த்து, "ஃபாஹாம், டாக்டர்," என்றார். புரிந்தது என்று. அதுவரை அவர் டாக்டரிடம் மலாயில் நேராகப் பேசியதே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் என்னவென்று யோசிக்கவில்லை. அன்றைக்கு ஒரு தாயைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த முறை வந்தபோது அஞ்சலை உட்காரவில்லை. "இதுலேருந்து வெலகிக்கணும் மிஸ்ஸி. எப்ப வேணா வெலகலாம்னு அன்னிக்கு வாசிச்சீங்களே," என்றார். ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. டாக்டர் ஹோ கேட்கவும் இல்லை. விலகும் படிவத்தைத் தானே எடுத்து வந்து கொடுத்தார். ஆய்வை விட்டாலும் கிளினிக்குக்கு வர வேண்டும், இப்போதெல்லாம் எல்லோருக்கும் மாத்திரை தொடங்குகிறோம், உங்களுக்கும் தொடங்கலாம் என்றார். அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அஞ்சலை தலையாட்டிவிட்டுப் போனார்.

கதவு மூடிய பிறகு டாக்டர் என்னைக் கேட்டார்: "அட்டை கொண்டுவந்த அன்று நான் நிறையப் பேசினேன். நீ கொஞ்சம்தான் சொன்னாய். என்ன சொன்னாய் தேவி?"

சொன்னேன். அந்த டின் பாலைப் பற்றியும் சொன்னேன்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேசையில் கிடந்த பேனாவை நேராக்கினார். "அவர்கள் கேட்டது என்னிடம். பதில் சொன்னதும் நான். நடுவில் நீ இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று," என்றார். பிறகு, "இந்த வாரத்துக்குள் கூப்பிட்டுச் சரியாகச் சொல். போனில் வேண்டாம், வரச் சொல். நானும் இருக்கிறேன்," என்றார்.

நான் கூப்பிடவில்லை. இன்று நாளை என்று பத்து நாள் தள்ளினேன். பதினொன்றாம் நாள் கூப்பிட்டபோது அந்த எண் வேலை செய்யவில்லை. செனாயில் அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் யார் என்று அவர்கள் கேட்டபோது உண்மையைச் சொல்ல முடியவில்லை, சொன்னால் அவருடைய நோய் வெளியே தெரிந்துவிடும். அத்தோடு திரும்பினேன்.

கிளினிக்குக்கு அவர் வரவே இல்லை. கடிதம் போட்டோம், திரும்பி வந்தது. அதன் பிறகு கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிரிவில் பாதிப் பேரை வேறு வார்டுகளுக்கு அனுப்பினார்கள், நானும் போனேன். வருடங்கள் ஓடின. மருத்துவமனை நடைபாதையில் நீலச் சீருடை தெரிந்தால் மட்டும் ஒரு தடவை நின்று பார்ப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது ஒரு காலையில் டாக்டர் ஹோ வார்டிலிருந்து போன் செய்தார். "வா. அவர்தான்," என்றார். பெயர் சொல்லவில்லை.

அஞ்சலை குளுவாங்கில் தங்கையோடு இருந்திருக்கிறார். சந்தையில் காய்கறிக் கடையில் வேலை. பல வாரங்களாகத் தலைவலி. மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண் மங்கி, பேச்சுக் குழறிய பிறகுதான் தங்கை கூட்டி வந்திருக்கிறார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் மூளையைச் சுற்றியுள்ள உறையில் பூஞ்சைத் தொற்று. எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் அடங்கிக் கிடந்த கிருமி எப்போதோ எழுந்துவிட்டது. வழக்கமாகச் சோதித்திருந்தால் அது தலைதூக்கிய மாதமே தெரிந்திருக்கும். மாத்திரை கொடுத்திருப்போம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

இந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. எச்.ஐ.வி. மாத்திரை அலமாரியில் இருக்கிறது, ஆனால் உடனே கொடுக்க முடியாது. முதலில் பூஞ்சையை அடக்க வேண்டும். அதற்கு முன் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிட்டால், அது மூளையில் இருக்கும் தொற்றின்மேல் பாய்ந்து வீக்கத்தை உண்டாக்கி ஆளையே முடித்துவிடும். நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

முதுகில் நீர் எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் அஞ்சலைக்குத் தெளிவு வரும். அப்படி ஒரு முற்பகலில் நான் பக்கத்தில் இருந்தேன்.

"மிஸ்ஸியா," என்றார்.

"ஆமா. தேவிதான்."

"நரச்சுப் போச்சு ஒங்களுக்கு."

எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை நான் தொடங்கினேன். "அஞ்சலை, அன்னிக்கு அந்த அட்டையப் பாத்துட்டு டாக்டர் சொன்னது…"

"பாலுல வந்துச்சு," என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கே தெரியும். டாக்டர் சூசுன்னாங்க. சாலான்னாங்க. அது ரெண்டும் எனக்குப் புரியாதா? பாலு, தப்பு. நீங்க தமிழ்ல சொல்றப்ப பாலுன்னே சொல்லல. டாக்டரு சொல்றாங்க, மிஸ்ஸி மறைக்கிறாங்க. மறைக்கிற அளவுக்கு நான் செஞ்சது பெரிய தப்புன்னு நெனச்சேன். ஒங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு. அதான் வரல."

ஃபாஹாம் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்ன 'தவறு' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. 'அல்ல' என்பது அந்த நீண்ட பள்ளிக்கூட வாக்கியத்தில் எங்கேயோ போய்விட்டது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் நான் அந்த அறையில் இருந்தேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். "தப்பு இல்லன்னுதான் சொன்னாங்க டாக்டர். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல, யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஒங்க தப்புன்னு யாரும் சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க. நான்தான் சொல்லல. ஒங்களுக்கு வலிக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி," என்றார். திட்டுவதுபோல இல்லை. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னார்.

டாக்டர் ஹோவின் கீழ் வேலை செய்த இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். கிருமியை அடக்கி வைத்திருந்தபோது எடுத்த இரத்தமும், அடக்க முடியாமல் போனபோது எடுக்கும் இரத்தமும் ஒரே ஆளிடமிருந்து கிடைப்பது அபூர்வம், மறுபடி ஒப்புதல் கேட்கலாமே என்று அவர் ஆர்வமாகச் சொன்னார். டாக்டர் ஹோ, "அவர் விலகிவிட்டார். நாம் கேட்க மாட்டோம்," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேட்டவர் அஞ்சலைதான். இரண்டு நாள் கழித்து நான் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "இது அந்த ஆராய்ச்சிக்கா?" என்றார்.

"இல்ல. ஒங்க வைத்தியத்துக்கு மட்டும்தான்."

"அதுக்கும் எடுத்துக்குங்க."

"அவசியம் இல்லம்மா. நீங்க வெலகிட்டீங்க."

"வெலகுனது நான்தானே. நான்தானே மறுபடி சேரணும். டாக்டரக் கூப்புடுங்க."

டாக்டர் ஹோ வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளிக்குத் தெளிவு இருக்கிறதா என்று இன்னொரு பிரிவு மருத்துவர் வந்து தனியாகச் சோதித்தார். சாட்சிக்குப் பக்கத்து வார்டிலிருந்து தமிழ் தெரிந்த தாதி ஒருத்தியை வரவழைத்தோம். அது டாக்டரின் ஏற்பாடு. ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அவர் மூன்று வாக்கியம் சொல்வார், நான் மூன்றையும் சொல்வேன். இதனால் உங்களுக்குப் பலன் இல்லை என்றார், சொன்னேன். இரண்டு குழாய்தான் எடுப்போம், உங்களுக்கு இரத்தம் குறைவு என்றார், சொன்னேன். நீங்கள் பிழைக்காமல் போகலாம், அப்போதும் இந்த இரத்தத்தை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"வச்சிக்குங்க," என்றார் அஞ்சலை.

"என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்," என்றார் டாக்டர்.

அஞ்சலை தமிழில், மெதுவாக, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். நான் அதை மலாயில் டாக்டருக்குச் சொன்னேன். கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பெருவிரல் ரேகை வைத்தார். ஊதா மூடிக் குழாய் இரண்டு. எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்.

நான்காவது வாரம் தொடங்கும் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, மருந்து வண்டி வார்டுக்குள் வந்துகொண்டிருந்தபோது அஞ்சலை இறந்துபோனார். எச்.ஐ.வி. மாத்திரை ஒன்றுகூட அவர் வாய்க்குள் போகவில்லை.

அந்த இரண்டு குழாய்களும் முன்பு எடுத்தவற்றோடு போய்ச் சேர்ந்தன. என்ன தெரிந்தது என்று பின்னால் டாக்டர் ஹோவிடம் கேட்டேன். அவருடைய உடம்பு ஏன் அத்தனை வருடம் அடக்கியது, ஏன் பிறகு விட்டுவிட்டது என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை என்றார். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் எனக்கு அந்த ஒரு நாள் இல்லாமல் போயிற்று.

உடலைக் குளுவாங்குக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போனேன். சீருடை இல்லாமல், சாதாரணச் சேலையில். தங்கையின் வீடு ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். சந்தையில் கூட வேலை பார்த்த சீனப் பெண்கள் இரண்டு பேர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்கு மூளைக் காய்ச்சல் என்று மட்டும்தான் தெரியும். அதற்குமேல் யாரும் அறியக் கூடாது என்று அஞ்சலை எங்களிடம் சொல்லியிருந்தார்.

நான் காலடியில் பூவைப் போட்டுவிட்டு நின்றேன். தங்கை அழுது சிவந்த கண்ணோடு என் பக்கத்தில் வந்தார்.

"நீங்க யாருன்னு தெரியலையே. அக்காவுக்குப் பழக்கமா?"

"ஆமாம்மா," என்றேன். "ரொம்ப வருஷமா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலை செஞ்சோம்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போவணும்," என்றார். காடு சென்று திரும்பியவர்கள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.